வெசாக் தன்சலும் ஒரு குப்பிப் பொன்னும்

என்னிடம் இரண்டு தாலி இருந்தது. ஒன்று கழுத்தில். மற்றொன்று கைப்பைக்குள், பஞ்சு அடைத்த சின்ன டப்பாவில். அவிசாவளையில் ஏறிய பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க ஒரு கை, பையை அணைத்துக்கொள்ள ஒரு கை. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை.

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் பாடிக்கொண்டே வந்தார். முன்னால் போகச் சொல்கிறார் என்று பக்கத்தில் நின்ற பெண் தமிழில் சொன்னாள். திருச்சி டவுன் பஸ்ஸில் வாழ்நாள் முழுக்கக் கேட்ட வசனம்தான், மொழிபெயர்ப்பே தேவையில்லை. முன்னால் இடமில்லை என்பது அங்கே கண்டக்டருக்கும் தெரியும், இங்கே கண்டக்டருக்கும் தெரியும். இங்கே டிரைவர் தலைக்கு மேல் புத்தரும் பிள்ளையாரும் ஒரே மின்விளக்கு மாலைக்குள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பல் டாக்டர். திருச்சியில் சின்னதாக ஒரு கிளினிக். என் அப்பா பிறந்தது இங்கே இலங்கையில், யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பாதிக் குடும்பம் கப்பலேறி இந்தியா வந்தபோது அப்பாவும் வந்துவிட்டார். பெரியப்பா அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் முருகையா அண்ணனோடு எங்களுக்கு வாட்ஸ்அப் வந்த பிறகுதான் மறுபடி பேச்சுவார்த்தை. தினமும் காலையில் ஒரு முருகன் படம் அனுப்புவார். பதிலுக்கு நான் ஒரு பல் துலக்கும் ஆலோசனை அனுப்புவேன்.

அவருடைய ஒரே மகன் பிரதீப்புக்குக் கல்யாணம். அண்ணன் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்க யாரு கல்யாணத்துக்கும் அங்கருந்து ஒரு ஆளு வந்ததில்ல தங்கச்சி. இவன் தாலிக்காச்சும் நம்ம ஊரு பவுனு வேணும். அரைப் பவுன் காசு ஒண்ணு கொண்டாந்திரு." நம்ம ஊர் என்று அவர் சொன்னது திருச்சியை. அவர் திருச்சியைப் பார்த்ததே இல்லை.

வெறும் காசை நீட்டுவதா என்று எனக்கு ஒரு வீம்பு. கேட்டது காசு, கொடுப்பது நகையாக இருக்கட்டுமே என்று என் ஆசாரியிடம் சொல்லி, எங்கள் குலத்துப் பிள்ளையார் தாலியாகவே செய்து வாங்கிவிட்டேன். தும்பிக்கை மடிப்பு வரை அவ்வளவு துல்லியம். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. பார்த்ததும் அசந்துபோவார் என்று நினைத்தேன். அசந்துதான் போனார்.

யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் இறங்கியபோது ஊரே மூங்கில் சட்டமும் வண்ணக் காகிதமுமாக இருந்தது. மறுநாள் வெசாக் போயா. பௌர்ணமிதான், ஆனால் புத்தர் பெயரில் வரும் பௌர்ணமி. விளக்குக் கூடு கட்டும் வேலையில் கடைக்காரர்கள் எல்லாரும் ஏணி மேல் இருந்தார்கள். என்னை அழைத்துப்போக அண்ணன் அனுப்பியது ஒரு திரீவீல், எங்கள் ஊர் ஆட்டோதான்; டிரைவர் ரிஸ்வான். பிரதீப்போடு ஒன்றாகப் படித்தவராம். தாத்தா காலத்திலிருந்து இந்தக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். கடை இப்போது அவருடைய அண்ணன்மார் கையில், திரீவீல் இவர் கையில்.

தோட்டத்து ஏற்றத்தில் மழை பிடித்தது. திரீவீல் மூச்சு வாங்கி நின்றது. ரிஸ்வான் மிகுந்த மரியாதையோடு, டாக்டரம்மா இறங்கித் தள்ள முடியுமா என்று கேட்டார். தள்ளினேன். பட்டுப்புடவைப் பெட்டி உள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்க, நான் சேற்றில். காலில் இரண்டு அட்டை ஏறியது வீட்டு வாசலில் அண்ணி புஷ்பம் சொல்லித்தான் தெரிந்தது. உப்பைத் தடவி அட்டையை எடுத்துவிட்ட கையோடு பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். கித்துள் என்கிற கூந்தல்பனைக் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு. எங்கள் ஊர்க் காப்பியை அந்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

அண்ணனை நேரில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அப்பாவின் நெற்றி, அப்பாவின் நடை. சிரித்தபோது மட்டும் அப்பா இல்லை, ஏனென்றால் முன்பல் ஒன்று தங்கம். தொழில் புத்தி, வாசலிலேயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சுத்தமான வேலை. தங்கம் பல்லுக்கென்றே பிறந்த உலோகம். துருப்பிடிக்காது, எச்சில் அரிக்காது, எதிர்ப்பல்லைத் தேய்க்காது. மனிதன் அதைக் காதில் போட்டான், கிரீடத்தில் போட்டான், நாணயமாக அடித்து மிளகுக்குக் கொடுத்தான். இப்போது செல்போனுக்குள்ளும் தடவுகிறான். ஆனால் இட்லி மெல்ல உதவிய தங்கத்துக்குத்தான் என் ஓட்டு.

இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டி, கட்டசம்பல் என்ற மிளகாய்த் துவையல், பிஞ்சுப் பலாக்காய்க் கறி. மூன்றாவது ரொட்டியில் நான் டப்பாவை எடுத்துத் திறந்தேன். அண்ணி தாலியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு தங்கச்சி. காசு எங்க?"

இதுதான் காசு என்றேன் சிரித்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் பிரதீப் எனக்கு விளக்கினான். இங்கே கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கு என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, பத்தர் வந்து பொன்காசை நெருப்பில் உருக்குவார். உருக்கிய பொன்னில்தான் தாலி செய்வார்கள். பொன்னுருக்காமல் கல்யாண வேலை எதுவும் தொடங்காது, பந்தக்கால் கூட நட மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த பழக்கமோ, எங்கள் முன்னோர் கொண்டுவந்து நாங்கள் மட்டும் மறந்துவிட்டதோ, தெரியவில்லை. பொன்னுருக்கு மறுநாள் மாலை. வெசாக்குக்காக நகைக்கடைகள் அன்று சாயங்காலமே மூடியாகிவிட்டது. இனி இரண்டு நாள் திறக்காது.

என் வளையலைக் கழற்றினேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். தாலிக்கு உருக்குகிற பொன் ஒருவர் காதிலோ கழுத்திலோ கையிலோ கிடந்ததாக இருக்கக் கூடாதாம். பாவித்த பொன் ஆகாது.

"அப்ப என் பல்லும் ஆகாதா?" என்றார் அண்ணன். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். குரல் ஒத்துழைக்கவில்லை. ஆயுசில் அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பொருள். அதை நான் அழகுபடுத்திக் கெடுத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

காலையில் பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து வாழையிலையில் பாற்சோறு வந்தது. அதை ருசிக்கக்கூட மனமில்லை என்று எழுதினால் பொய். இரண்டு துண்டு சாப்பிட்டேன், மிளகாய்ச் சம்பலோடு. பிறகு ரிஸ்வானோடு கடைத்தெருவுக்கு வேட்டைக்குக் கிளம்பினேன். நகைக்கடைகள் எல்லாம் இரும்புக் கதவு. ரிஸ்வான் தெரிந்த முதலாளி வீட்டுக்கெல்லாம் போனில் கோல் எடுத்தார். ஒருவர் பன்சலை என்கிற பௌத்த விகாரையில் சில் விரதம் எடுத்து வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார், நாள் முழுக்க வியாபாரம் பேசமாட்டார். இன்னொருவர் கண்டியில். கடைசியில் சுந்தரம் பத்தரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். மாலையில் பொன்னுருக்க வரவேண்டியவர் அவர்தான். பட்டறையில் காசு இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாமே மற்றவர் கொடுத்த நகைகள், கையில் வைத்திருக்கத்தான் உரிமை, உருக்க இல்லை என்றார். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இவர் மூன்றாம் மனிதர் பொன்னில் ஒரு பொடி எடுக்க மறுக்கிறார், அதுவும் எனக்குத் தேவையான நாளில்.

டப்பாவைக் காட்டி, இதையே உருக்கி மறுபடி செய்துவிடுங்கள் என்றேன். பத்தர் தாலியைக் கையில் வாங்கவே இல்லை.

"கட்டி அறுத்த தாலிய உருக்கியிருக்கேங்க. கட்டப் போற தாலிய நெருப்புல போட்டதில்ல. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும். வீட்டுக்குத் திரும்பிச் சொன்னபோது அண்ணன் தலையாட்டினார். "பொன்னு வைக்கிற எடத்துல பூவ வச்சுட்டுப் போவோம். என்ன செய்ய" என்றார். பழமொழி எல்லா இடத்திலும் பொருந்தும். பொன்னுருக்கில் மட்டும் பொருந்தாது. பூவை எப்படி உருக்குவது?

அப்போது பிரதீப் போனைக் கொண்டுவந்து அண்ணன் முன் வைத்தான். பேசியது கல்யாணப் பெண் தர்ஷினி, பெல்மதுளையிலிருந்து. மாணிக்கக்கல் பட்டை தீட்டும் கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை, லீவு நாளில் மாணிக்கக் குழியில் மண் கழுவும் வேலை. குழியிலிருந்து எடுக்கும் இல்லம் என்ற கூழாங்கல் மண்ணைக் கூடையில் போட்டு ஆற்றில் அரித்தால், கல் இருந்தால் அடியில் தங்கும். கல்லோடு எப்போதாவது பொன்னைப்போல மஞ்சள் நிறப் பொடியும் தங்குமாம். அதை ஹோமியோபதி மருந்துக் குப்பி ஒன்றில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார். மாமா சரி என்றால் பஸ் ஏறுகிறேன் என்றாள்.

அண்ணன் சரி என்று சொல்லவில்லை. தாலிப் பொன் மாப்பிள்ளை வீட்டுடையதாக இருக்க வேண்டும், பெண் வீட்டுப் பொன்னை வாங்கித் தாலி கட்டினான் என்ற பேச்சு வரக் கூடாது என்றார். பேச்சு வரும் என்று அண்ணியும் சொன்னார்.

"மாமா, நாந்தானுங்களே அதக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரியப் போறேன்" என்றாள் தர்ஷினி. "எங்கருந்து வந்துச்சுன்னு என் கழுத்து கேக்கப் போகுதுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் டப்பாவைப் பார்த்தார். பத்தருக்குக் கோல் எடுக்கச் சொன்னார். தாலிக்கென்று உருக்கத் தேவையில்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குண்டு கோப்பது வழக்கம்தானே, அந்தக் குண்டுக்குப் பொன்னை உருக்கினாலும் சடங்கு சடங்குதான் என்றார் பத்தர். ஆனால் ஒரு நிபந்தனை. அது பொன்னாக இருக்க வேண்டும். குழியிலிருந்து மின்னும் பொடி கொண்டுவந்து ஏமாந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். நெருப்பில் வைத்தால் கருகிப் புகையும். கூட்டத்துக்கு நடுவில் கருகினால் அதைவிட அபசகுனம் வேறு வேண்டாம். அண்ணன் பிரதீப்பைப் பார்த்து, "ஹரி, வரச் சொல்லு" என்றார். ஹரி யாருடைய பெயரும் இல்லை, சிங்களத்தில் சரி.

பெல்மதுளையிலிருந்து அவிசாவளைக்குச் சாதாரண நாளில் வந்துவிடலாம். வெசாக் சாதாரண நாள் இல்லை. வழிநெடுகத் தன்சல். புத்தர் பெயரால் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இலவசமாகச் சோறு போடும் பந்தல். கொடி பிடித்த இளைஞர்கள் நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறிப்பார்கள். இறங்கிச் சாப்பிட்டால்தான் பஸ் நகரும். தர்ஷினி எனக்கு அனுப்பிய முதல் செய்தி இரத்தினபுரிக்கு முன்னாலிருந்து வந்தது: சித்தி, சோத்துத் தன்சல்ல நிக்கிறோம். அடுத்தது இரத்தினபுரியைத் தாண்டி: மரவள்ளிக்கிழங்கு. அப்புறம் கடலை. அவள் வயிறு நிறைய நிறைய நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு வரக் கூடாது என்பதால் அவிசாவளையில் நான் குப்பியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ரிஸ்வான் திரீவீலை விரட்டினார். பாதி வழியில் எங்களையும் மறித்தார்கள். ஐஸ்கிரீம் தன்சல். அவசரம் என்று ரிஸ்வான் சிங்களத்தில் எவ்வளவோ சொன்னார். கொடி பிடித்த பையன் என்னைப் பார்த்து, அம்மே, அவசரம் என்றால் சீக்கிரம் சாப்பிடுங்கள் என்றானாம். ஐஸ்கிரீமை நான் மென்று தின்றது அன்றைக்குத்தான். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம்.

தர்ஷினி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஒல்லியான பெண், கையில் இன்னும் ஒரு சர்பத் கிளாஸ். சித்தி என்று சிரித்துவிட்டு, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் குப்பியைக் கொடுத்தாள். அடியில் கடுகுத் தூளைப்போல மஞ்சள் பொடி. வெயிலில் ஆட்டிப் பார்த்தேன். மின்னியது. மின்னுவதுதான் எனக்குப் பயம். அவள் அப்பாவுக்கு இதில் பங்காளிகள் யாராவது இருக்கிறார்களா, பின்னால் சண்டை வருமா என்று கேட்டேன்.

"கல்லு அம்புட்டாத்தான் பங்கு சித்தி. இந்தப் பொடிக்குப் பங்கு கெடையாது. யாரும் கேக்க மாட்டாங்க."

நிஜப் பொன்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அவளுக்கும் தெரியாது. தெரியாமல்தான் அத்தனை பஸ்ஸிலும் முடிந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். உருகியதும் ஒரு கோல் எடுங்கள் என்று சொல்லிவிட்டு எதிர்த்திசைப் பஸ்ஸில் ஏறினாள். போகும் வழியில் மறுபடி அத்தனை தன்சலும் காத்திருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் குப்பியைக் கைக்குள் பொத்தியிருந்தேன். பொன் இந்தப் பூமியில் விளைந்ததே இல்லை என்று படித்திருக்கிறேன். செத்த நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதியபோது பிறந்து, தூசியாக அலைந்து, இந்த உருண்டை திரளும்போது உள்ளே மாட்டிக்கொண்டது. அப்படிப் பார்த்தால் திருச்சிப் பொன், இரத்தினபுரிப் பொன் எல்லாமே வந்தேறிதான். ஆனால் யார் காதிலும் கழுத்திலும் ஏறாமல், மண்ணிலிருந்து நேராக வந்த பொன்னுக்கு இந்தக் குப்பியை விட்டால் வேறு எங்கே போவது? அண்ணியின் விதிக்கு இதைவிடப் புதுப் பொன் கிடையாது. பொன்னாக மட்டும் இருந்துவிட்டால் போதும்.

வீட்டில் நிறைகுடம், குத்துவிளக்கு, தாம்பாளத்தில் மஞ்சளும் வெற்றிலையும். லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வாசல் வரை நிறைந்திருந்தார்கள். உமி நிரப்பிய சட்டியில் சிரட்டைக்கரி கனிந்துகொண்டிருந்தது. பிரதீப் வேட்டியில் உட்கார்ந்திருந்தான், முகம் பரீட்சைக்கு வந்தவன் முகம். பத்தர் குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூசை என்கிற சின்ன மண்கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, ஒரு சிட்டிகை வெங்காரம் தூவி, கரிக்கு நடுவில் வைத்தார். ஊதுகுழலை வாயில் வைத்தார்.

ஊதினார். பொடி சிவந்தது. ஊதினார். ஓரத்தில் ஒரு இழை புகை எழுந்தது. அண்ணி என் தோளைப் பிடித்தார். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பத்தர் கன்னம் உப்ப இன்னும் ஊதினார். புகை நின்றது. சிவந்த தூசிகள் நடுங்கின. ஒன்று பக்கத்தில் இருந்ததோடு ஒட்டியது, அது அடுத்ததோடு. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஓடிச் சேர்ந்து ஒரே துளியாகிச் சுழன்றது. பத்தர் குழலை எடுத்தார்.

"பொன்னுங்க" என்றார்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். குலவைச் சத்தத்தில் பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர்கள் விளக்குக் கூட்டைப் பாதி மாட்டியபடியே எட்டிப் பார்த்தார்கள். ரிஸ்வான் வாசலிலிருந்தே தர்ஷினிக்குக் கோல் எடுத்துவிட்டார். அவள் பதில் சொன்னது ஏதோ ஒரு தன்சலின் பறைச் சத்தத்துக்கு நடுவிலிருந்து. நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்கு அதை மறைக்கத் தெரியாது.

ஆறிய மணியை வெற்றிலையில் வைத்தார்கள். மிளகை விடச் சின்னது. பத்தர் இரவோடு இரவாக அதை இரண்டு குண்டாகத் தட்டித் தருவார். அதன் பக்கத்தில் என் பிள்ளையார் தாலியையும் வைக்கச் சொன்னார் அண்ணன். தாம்பாளம் சபையைச் சுற்றியது. ஆளாளுக்குத் தொட்டு ஆசீர்வதித்தார்கள். அண்ணன் முறை வந்தபோது மணியை ஒரு விரலால் வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது நம்ம ஊரு பவுனு" என்றார்.

அப்போ நான் கொண்டுவந்தது எந்த ஊர் என்று கேட்டேன்.

"அது ஒங்க ஊரும்மா." தங்கப்பல் தெரியச் சிரித்தார். "ரொம்ப அழகாத்தான் இருக்கு."

விடுவேனா. என் அப்பாவும் இந்த மண்ணில்தான் பிறந்தார், இந்தப் பொன்னில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன்.

"இந்தப் பொடிக்குப் பங்கு கெடையாதுன்னு மருமக சொன்னதா நீதானே வந்ததும் சொன்ன?" என்றார் அண்ணன். "தொட்டுக்க. எல்லாருக்குந்தான்."

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாம்பாளத்தை ரிஸ்வானிடம் நீட்டினேன்.